கிராண்ட் கேன்யனுக்குப் பின்வழி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் விஷாகா. ஹாலில் மாட்டியிருக்கிற அந்தப் படத்தின் ஃபிரேம் மிகவும் நன்றாக இருக்கிறது. உங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டு சோபாவுக்குப் பொருத்தமான நிறம். உன் அப்பாவுக்கு இதிலெல்லாம் ரசனை கிடையாது, உன் அம்மா தேர்ந்தெடுத்ததாகத்தான் இருக்கும்.

நேற்று நீ போன் செய்து, "நஞ்சப்பன் அங்கிள், ஒய் இஸ் தேர் எ டம்ப் டிரக் இன் த கிராண்ட் கேன்யன்?" என்று கேட்டாய். கடையில் தக்காளி எடுத்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன். நான் கடையில் இல்லை. வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். இதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதையும் நீ நம்புவாய் என்பதற்காகச் சொல்கிறேன். இயல்பில் நான் பொய் சொல்கிறவன் இல்லை.

உனக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில்தான் இங்கிலீஷில் வரும். அதனால் நான் முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் கேள் கண்ணு.

உன் அப்பாவுக்குப் போன வருஷம் அறுபது முடிந்தது. அறுபதாம் கல்யாணத்தை எல்லோரும் திருக்கடையூரில் செய்கிறார்கள், வசதி இல்லையென்றால் பக்கத்துக் கோயிலில் செய்கிறார்கள். பசுபதிக்கு மட்டும் கிராண்ட் கேன்யன் விளிம்பில் நின்று உன் அம்மாவுக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும் என்று ஆசை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் அவன் அதைப் பார்த்ததில்லை. நீ ஆஸ்பத்திரியில் ரெசிடென்ஸி, லீவு கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் இரண்டு பேரும் டல்லாஸுக்குப் பறந்து வந்து, அங்கிருந்து என் வேனில் நானும் மரகத ஆன்ட்டியும் சேர்ந்து நாலு பேராகப் போவது என்று முடிவானது. வழியில் பாலைவனம் முழுக்க சுற்றிப் பார்ப்பது. ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு. பசுபதியும் நானும் கோயம்புத்தூரில் ஒரே ஹாஸ்டல் அறை. அவன் சிவில், நான் மெக்கானிக்கல். அந்தக் காலத்திலிருந்தே எங்கே போவதென்றாலும் அவன் என்னைக் கேட்பான், நான் சொல்வேன், அவன் கிளம்பிவிடுவான்.

கிராண்ட் கேன்யன் பற்றி என் நிலைமையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுக்கு வருவதற்கு முன் நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸில் வேலை பார்த்தேன். அங்கே வேலை பார்க்கிறவனுக்கு விருந்தாளிகள் குறைவதே இல்லை. எட்டு தடவை கேன்யனுக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்காகப் போகவில்லை. என் மாமனார் விளிம்பில் நின்று, "பள்ளம் பெருசுதான் மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏசியில் போய் உட்கார்ந்துகொண்டார். மரகதத்தின் சித்தி பாத்ரூம் எங்கே என்று கேட்டார். சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி கேன்யனுக்கு முதுகைக் காட்டி நின்று ஐம்பது போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறினார்கள். யாரும் அதைப் பார்ப்பதில்லை, விஷாகா. பார்த்தேன் என்று சொல்லத்தான் அத்தனை தூரம் வருகிறார்கள். எட்டாவது தடவைக்குப் பிறகு இது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

சரி, பயணம். காரிய சித்தி ஹனுமான் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினோம். வெஸ்ட் டெக்சாஸ் முழுக்க உன் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணெய் பம்புக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தான். ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில் அந்த வெள்ளை மணலை எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, "நஞ்சா, உப்பு இல்லடா," என்றான். நாலு மணி நேரம் அங்கிருந்து அவனைக் கிளப்ப முடியவில்லை. அரிசோனாவுக்குள் நுழைந்ததும் அந்தக் கை வைத்த கள்ளிகள் வர ஆரம்பித்தன. முதல் கள்ளியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"பாருடா, போலீஸ் துப்பாக்கி காட்டின மாதிரி ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்குது."

அடுத்த கள்ளிக்கும் நிறுத்தச் சொன்னான். அதுவும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. அவனுக்கு ஒவ்வொரு கள்ளியும் முதல் கள்ளி. உன் அம்மா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவனை நிறுத்திப் படம் எடுத்தாள். கேமராவில்தான். போன்கள் எல்லாம் குக்கருக்குள் இருந்தன.

குக்கர் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். கல்யாணம் முடிகிறவரை யாரும் போனைத் தொடக்கூடாது, மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா ஜலஜா ஒரு தீர்மானம் எடுத்திருந்தாள். நாலு போனையும் அணைத்து, சமையலுக்குக் கொண்டுவந்திருந்த குக்கரில் போட்டு மூடி, மேலே வெயிட்டையும் வைத்துவிட்டாள். இதனால் மோட்டல் அறையில் சாதம் வைக்க முடியவில்லை. வழி முழுக்க டாக்கோ சாப்பிட்டோம். அந்தத் தீர்மானத்துக்கு நான் பொறுப்பில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு சின்ன ஊரில் மோட்டல் எடுத்தோம். கள்ளிகளால் அத்தனை தாமதம். மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணியை ஒட்டி முகூர்த்தம். ஜலஜா கவலையாக வந்து நின்றாள்.

"அண்ணா, கேன்யன் இங்கிருந்து எவ்ளோ தூரம்?"

"அரை மணி நேரம்."

"ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டித்தானே போகணும்னு படிச்சேன்? அது ரொம்ப தூரமாச்சே."

"அது முன்வாசல் ஜலஜா. கேன்யன் நானூறு கிலோமீட்டருக்கு மேல நீளம். அதோட வால் இங்க வரைக்கும் வருது. இந்தப் பக்கம் கூட்டமே இருக்காது, டிக்கெட்டும் கிடையாது."

உன் அப்பா உள்ளேயிருந்து, "ஸ்பெஷல் தரிசனம்," என்று சொன்னான். நம் ஆட்களிடம் கூட்டம் இல்லாத பின்வழி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் ஜலஜாவுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் ஆயிற்றே என்றாள். அரிசோனாவில் டேலைட் சேவிங் கிடையாது, அதனால் ராகு காலம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும் என்று சொன்னேன். விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "ஆமா, லாஜிக் கரெக்ட்தான்," என்று போய்விட்டாள். அரிசோனாவில் டேலைட் சேவிங் கிடையாது என்பது உண்மை. நீயே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆமாம், அது செப்புச் சுரங்கம். வெட்டவெளியில் தோண்டுகிற சுரங்கம். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஒரு மண் ரோட்டில் போனால், ஜனங்கள் நின்று பார்ப்பதற்காக ஒரு கம்பி வேலியும் தகரக் கூரையும் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு போர்டு உண்டு. வேனை அந்தப் போர்டை ஒட்டி நிறுத்தினேன். போர்டை மறைக்க வேண்டும் என்று இல்லை. நிழல் அங்கேதான் இருந்தது.

உன் அம்மா அரக்குப் பட்டு, உன் அப்பா பட்டு வேட்டி. இறங்கி வேலியருகே போய் நின்றார்கள். நியாயமாகச் சொன்னால் அது சாதாரணப் பள்ளம் இல்லை. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வட்ட வட்டமாக இறங்குகிறது. உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எப்படிப் படிப்படியா அளவெடுத்த மாதிரி வெட்டியிருக்கு பாருடா. இயற்கைக்கு இன்ஜினியரிங் காலேஜே தேவையில்லை."

சிவிலில் கோல்டு மெடல் வாங்கியவன் சொல்கிறான். நான் என்ன சொல்ல முடியும்?

"கீழ பச்சையா தெரியறது கொலராடோ ஆறாண்ணா?" என்று ஜலஜா கேட்டாள்.

"ஆமாம்."

அவள் அந்தத் திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். அந்தத் தண்ணீரில் பறவைகள் உட்கார்ந்துவிடாமல் விரட்டுவதற்குத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன்.

மரகதம் என்னோடு எட்டு தடவையில் ஆறு தடவை கேன்யனுக்கு வந்தவள். அவள் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டே, உதடு அசையாமல், "ஏனுங்க, இது என்ன?" என்றாள்.

"அப்புறம் சொல்றேன்."

"பசுபதி அண்ணன் முகத்தைப் பாருங்க. இப்ப சொன்னீங்கன்னா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. ஊருக்குப் போய் உங்களை வச்சுக்கறேன்."

ஆக, சொல்ல வேண்டாம் என்பது அவளுடைய முடிவும்தான். இதையும் நீ கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு சாஸ்திரிகள் மந்திரம் முழுவதையும் பென் டிரைவில் பதிந்து கொடுத்திருந்தார். வேன் கதவுகளைத் திறந்து வைத்துப் பாட்டுப்பெட்டியில் ஓடவிட்டேன். கலசம் வைத்து, மாலை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஆரஞ்சு நிறச் சட்டையும் ஹெல்மெட்டுமாக ஒரு காவலாளி வந்தான். பெரிய மீசை, நல்ல மனிதன். என்ன நடக்கிறது என்று கேட்டான். கல்யாணம் என்று உன் அப்பா சொன்னான். வாழ்த்துகள் சொல்லிவிட்டு, "ஜஸ்ட் ஸோ யூ நோ, வீ ஆர் ஷூட்டிங் அட் டென்," என்றான்.

சுரங்கத்துக்காரர்கள் பாறைக்கு வெடி வைப்பதை அப்படித்தான் சொல்வார்கள். உன் அப்பா மாலையோடு என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் காலேஜில் ரிசல்ட் வந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

"என்றா நஞ்சா, இங்க ஷூட்டிங் நடக்குதாம்டா. ஹாலிவுட்காரனா இருக்கும். அதான் கீழ லாரியெல்லாம் நிக்குது. அதான் இந்தாளு ஹெல்மெட்டு."

இதை நான் சொல்லவில்லை, கவனித்துக்கொள். நான் வாயே திறக்கவில்லை. "ஆக்‌ஷன் படமா இருக்கும்," என்று மட்டும் சொன்னேன்.

காவலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனையோ இடம் இருக்க இங்கே எதற்குக் கல்யாணம் என்று கேட்டான். மத சம்பந்தமான காரணம் என்றேன். உடனே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றான். மரகதம் அவனுக்கும் கொஞ்சம் அட்சதை கொடுத்தாள்.

பென் டிரைவில் சாஸ்திரிகள் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். உன் அப்பா தாலியை எடுத்தான். நாதஸ்வரம் ஆரம்பித்தது. கீழேயிருந்து ஒரு சங்கு ஊதியது. முதல் முடிச்சுப் போடும்போது எதிர்ச் சுவர் அப்படியே மேலே எழும்பி, ஒரு கணம் நின்று, புகையாகக் கீழே இறங்கியது. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. இரண்டாவது முடிச்சுக்கு வந்தது. காலடியில் தரை ஆடியது, கலசத்துத் தேங்காய் கீழே உருண்டது. மூன்றாவது முடிச்சைப் போட்டபோது எங்கள் எல்லோர் மேலும் செம்மண் தூசு பூப்போல விழுந்துகொண்டிருந்தது. காவலாளி அட்சதையைக் குறிபார்த்துப் போட்டான்.

உன் அப்பா தேம்பித் தேம்பி அழுதான். "கடவுள் இருக்காருடா நஞ்சா," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். உன் அம்மா சிரித்துக்கொண்டே தும்மினாள். அந்தப் படம்தான் உங்கள் ஹாலில் இருக்கிறது. கேமராவைப் பிடித்தது நான். லாரி விழாமல் எடுக்கத்தான் பார்த்தேன், அது வளைவில் திரும்பி வந்துவிட்டது.

அதற்கு மேல் எங்கும் போக வேண்டாம் என்றான் பசுபதி. இதைப் பார்த்த கண்ணால் வேறு எதைப் பார்ப்பது என்றான். அன்றைக்கே டெக்சாஸுக்கு வண்டியைத் திருப்பினேன்.

நீ நினைப்பது எனக்குப் புரிகிறது. முகூர்த்தம் தவறிவிடக்கூடாதே என்ற பதற்றத்தில் அங்கிள் ஏதோ செய்துவிட்டார், பாவம் என்று நினைக்கிறாய். மரகதத்திடம் நானும் அப்படித்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து நான் கெஸ்ட் ரூமில் படுக்கிறேன். அங்கே மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது.

அதற்கு முந்தின பிப்ரவரியில் ஆபீஸ் வேலையாக டூசான் போயிருந்தேன். திரும்பும் வழியில் அந்தப் போர்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினேன். வேலியருகே நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. இதுதான் கேன்யன் என்று கூட்டிவந்து நிறுத்தினால் ஒரு ஆளாவது கண்டுபிடிப்பானா? வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான். இதற்குத் தேவை என்னை முழுமையாக நம்புகிற ஒருவன். யோசித்துப் பார்த்தேன். அப்படி எனக்கு உன் அப்பா ஒருவன்தான் இருந்தான்.

அந்த மீசைக்காரக் காவலாளி எனக்கு அப்போதே பழக்கம். எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வெடி வைப்பார்கள் என்று அவன்தான் சொன்னான். ஜோசியரிடம் கேட்டு முகூர்த்தம் குறித்துவிட்டதாக உன் அப்பாவுக்கு நான் போன் செய்தேன் அல்லவா, நான் எந்த ஜோசியரையும் கேட்கவில்லை. முகூர்த்தம் வைத்தது சுரங்கத்துக்காரர்கள். அது ராகு காலம்தான், சுத்தமான ராகு காலம். காலண்டரில் பார்த்தேன், பார்த்துவிட்டு மூடிவிட்டேன். போன் பார்த்தால் மூளை சுருங்கும் என்று ஒரு டாக்டர் பேசுகிற வீடியோவை உன் அம்மாவுக்கு அனுப்பியது நான். குக்கர் மட்டும் அவளுடைய சொந்த யோசனை. கள்ளிகளுக்காக வண்டியை நிறுத்தியதும், அவன் கேட்டதால் மட்டும் இல்லை. நான் நிறுத்தாமலும் போயிருக்கலாம்.

முடிவைக் கேட்டால் நீ ஆச்சரியப்படுவாய். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வருஷமாக அந்தப் படம் ஹாலில் தொங்குகிறது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கும் பக்கத்து ஊர் மான்மவுத் ஜங்ஷனும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. உங்கள் வாஞ்சிநாதன் அங்கிள் நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். அவர் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாராம். பிறகு இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டாராம். உன் அப்பாதான் பெருமையாகச் சொன்னான். முதலில் கேட்டது நீதான். ரெசிடென்ஸி படிப்பு வீண் போகவில்லை.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். போன மாதம் உங்கள் ஊர் அங்கிள்கள், ஆன்ட்டிகள் எல்லாம் சேர்ந்து பஸ் பிடித்து நிஜமான கிராண்ட் கேன்யனுக்குப் போனார்களே, அங்கிருந்து பசுபதி எனக்குப் போன் செய்தான். மூச்சு வாங்கிற்று.

"நஞ்சா, எங்களை ஏமாத்திட்டானுங்கடா. ஏதோ ஒரு டூப்ளிகேட் இடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டான். ரெயிலிங் போட்டு வச்சிருக்கான், கடை வச்சிருக்கான், ஒழுங்கா ஒரு படி கூட இல்ல. ஷூட்டிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரேஞ்சரைக் கூப்பிட்டு இது ஒரிஜினல் இல்லன்னு சொல்லிட்டேன்."

"ரேஞ்சர் என்ன சொன்னாரு?"

"தண்ணி குடிக்கச் சொன்னான்."

பின்னால் ஜலஜாவின் குரல் கேட்டது. "அண்ணா, இங்க ஆறு கூட பச்சையா இல்ல," என்றாள்.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரிடமும் உன் அப்பா இறங்கி நின்று பேசியிருக்கிறான். இது வால், தலை வேறு இடத்தில் இருக்கிறது, என் நண்பனுக்குத்தான் வழி தெரியும் என்றிருக்கிறான். எல்லோரும் அக்டோபரில் ஒரிஜினலைப் பார்க்க வருகிறார்கள். வாஞ்சிநாதன் அங்கிளுக்கும் அறுபதாம் கல்யாணம் விட்டுப்போயிருக்கிறதாம், எண்பதாவது வருவதற்குள் சேர்த்துச் செய்துவிடலாம் என்கிறார். அவர் ஏன் வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் வருகிறார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். காவலாளியிடமும் பேசியாயிற்று. அக்டோபரில் கொஞ்சம் பெரிய வெடியாக இருக்குமாம்.

உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்பாய். சொல்லு, உன் இஷ்டம். நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார் கண்ணு. உன் அப்பாவுக்கு இந்த வயதில் கடவுள் இருக்கிறார் என்று நம்பிக்கை வந்திருக்கிறது, கட்டிய பெண்டாட்டியை மறுபடியும் கட்டிய சந்தோஷம் இருக்கிறது. அத்தனையும் நான் கொடுத்தது. அதை நீ உடைத்தால், அப்படி ஒரு காரியத்தை அவனுக்குச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் நான் கேட்பேன்.